பழைய மிதிவண்டியை மீட்டமைத்தலும் உறுப்புத் தரப்பாட்டின் வரலாறும்: ஆங்கிலேய மிதிவண்டிகளை (1870–1914) முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பழைய மிதிவண்டி ஒன்றை மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவர முனைவோர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் அதற்குரிய உறுப்புகளைத் தேடிப் பெறுவதாகும். வண்டி எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு உறுப்புகளும் அரியன என்பது பொதுவான எண்ணம். 1870 முதல் 1914 வரை இங்கிலாந்தில் உருவான மிதிவண்டிகளின் சக்கரம், டயர், சங்கிலி, திருகுபுரி ஆகியவற்றின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஓர் உறுப்பு இன்று கிடைப்பதை முடிவு செய்வது வண்டியின் வயதன்று, அவ்வுறுப்பின் அளவுத்தரம் பிற்காலத்தில் தொடர்ந்ததா இல்லையா என்பதே என்று இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அத்தரங்களுட் பல இந்திய மிதிவண்டி உற்பத்தியில் நீடித்தமையும், எளிதிற் கிடைக்கும் மாற்றுறுப்பு பழைய வண்டியின் சான்றுத்தன்மையை அழிக்கக்கூடும் என்பதும் இங்குச் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மிதிவண்டி, உதிரிப்பாகம், தரப்பாடு, திருகுபுரி, மீட்டமைப்பு, மூலத்தன்மை, பொருட்சான்று

1. முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு நெடுங்காலம் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டுவந்தது. யார், எந்த ஆண்டில், எதை முதலிற் செய்தார் என்பதே அதன் முதன்மை வினா. மிதிவண்டி வரலாறும் இதற்கு விலக்கன்று. டிரெவர் பின்ச், வீபே பைக்கர் ஆகியோர் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இப்போக்கை மாற்றியது. உயர்சக்கர வண்டியும் அதனை அடுத்துவந்த பாதுகாப்பு மிதிவண்டியும் பயன்படுத்துவோரின் வெவ்வேறு குழுக்களிடையே பெற்ற பொருளை அவர்கள் விளக்கினர். டேவிட் எட்ஜர்டன் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், புதுமையைவிடப் பயன்பாடும் பராமரிப்புமே தொழில்நுட்ப வரலாற்றின் பெரும்பகுதி என வாதிட்டது. இந்தியச் சூழலில் அன்றாடத் தொழில்நுட்பங்களை ஆராய்ந்த டேவிட் ஆர்னால்ட், தையல் இயந்திரம், தட்டச்சுப் பொறி ஆகியவற்றோடு மிதிவண்டியையும் ஒரு முதன்மைச் சான்றாகக் கொண்டார்.

இவ்வாய்வுகளின் தொடர்ச்சியாக இக்கட்டுரை பழுதுபார்ப்பவரின் பணிமேடையிலிருந்து வரலாற்றைக் காண முயல்கிறது. நூறாண்டு கடந்த வண்டி ஒன்றைப் பிரித்துப்போட்டு, தேய்ந்த உறுப்புக்கு மாற்று எங்கே கிடைக்கும் என வினவுபவர் அறியாமலேயே ஒரு வரலாற்று வினாவை எழுப்புகிறார். இவ்வுறுப்பை யார் செய்தார், யாருக்கெல்லாம் விற்றார், இதன் அளவு எப்போது பொதுவாயிற்று, எப்போது கைவிடப்பட்டது என்பவற்றுக்கு விடை காணாமல் அவரால் உறுப்பைத் தேட இயலாது.

சக்கரத்தின் உறுப்புகளைக் குறிக்க இக்கட்டுரையில் மாட்டுவண்டி வழக்கிலுள்ள குடம், வட்டை ஆகிய சொற்கள் கையாளப்படுகின்றன. மிதிவண்டிக் கடைகளில் முறையே ஹப், ரிம் எனப்படுபவை இவை. அங்குப் போக்ஸ் எனப்படுவது இங்கு ஆரக்கம்பி எனப்படுகிறது. திருகாணியின் சுருள்வரையைத் திருகுபுரி என்னும் சொல் குறிக்கும். பட்டறை வழக்கில் இது மரை எனப்படும்.

2. உறுப்புகளின் தொகுதியாக மிதிவண்டி

மிதிவண்டி தொடக்கத்திலிருந்தே ஒரே கூரையின்கீழ் முழுமையாகச் செய்யப்பட்ட பொருளாக இருக்கவில்லை. வேறு தொழில்களில் ஈடுபட்டிருந்த பட்டறைகள் தத்தம் திறனுக்கேற்ற உறுப்பைச் செய்ய, அவை ஒன்றுசேர்க்கப்பட்டே அது உருவானது. கவன்ட்ரி நகரில் தையல் இயந்திரம் செய்துவந்த நிறுவனம் 1869ஆம் ஆண்டளவில் மிதிவண்டித் தொழிலுக்குள் நுழைந்து கவன்ட்ரி மெஷினிஸ்ட்ஸ் எனப் பெயர் மாறியது. பர்மிங்காமில் துப்பாக்கி செய்வதற்காக 1861இல் தோன்றிய பி.எஸ்.ஏ. நிறுவனம் மிதிவண்டி உறுப்புகளையும் செய்யலாயிற்று. எழுதுகோல் முனைகளுக்குப் பெயர்பெற்ற பெர்ரி நிறுவனம் சங்கிலியும் குடமும் செய்தது. ஆணித் தொழிலிலிருந்த ரெனால்ட்ஸ் குடும்பத்தார் 1897இல் முனை தடித்து நடு மெலிந்த எஃகுக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றனர். குதிரைச் சேணத் தொழிலைச் சார்ந்து 1866இல் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனம் 1882இல் தோல் இருக்கைக்குக் காப்புரிமை பெற்றது. ஜோசப் லூகாசின் பட்டறையிலிருந்து விளக்குகள் வந்தன.

பி.எஸ்.ஏ.யின் பங்கு இதில் தனித்துக் குறிக்கத்தக்கது. 1880களில் முழு வண்டிகள் செய்து, பின்னர்த் துப்பாக்கி உற்பத்தியின் பொருட்டு அத்தொழிலைக் கைவிட்ட அந்நிறுவனம், 1893இல் உறுப்பு உற்பத்தியாளராக மீண்டும் வந்தது. குழாய்களை இணைக்கும் மூட்டுறை, மிதியச்சுக் கூடு, குடம், பற்சக்கரம் ஆகியவற்றை முழுத் தொகுதியாக அது பிறருக்கு விற்றது. சிற்றூர்களில் இருந்த மிதிவண்டி வணிகரும் அத்தொகுதியை வாங்கி, குழாய்களைப் பித்தளையிட்டுப் பற்றவைத்து, வண்ணம் பூசி, தம் பெயரை ஒட்டி விற்க முடிந்தது. இலண்டனின் சேட்டர்-லீ, பர்மிங்காமின் பிராம்ப்டன் ஆகிய நிறுவனங்களும் இவ்வாறே உறுப்புகளை விற்றன.

ஆகவே அக்காலத்து வண்டி ஒன்றின் சட்டகத்தில் உள்ள பெயர், அதன் உறுப்புகளைச் செய்தவரின் பெயராக இருக்க வேண்டியதில்லை. சட்டகத்தில் அறியப்படாத ஒரு வணிகரின் பெயர் இருப்பினும், குடத்திலோ பற்சக்கரத்திலோ மூன்று துப்பாக்கிகளைச் சாத்திவைத்த பி.எஸ்.ஏ. முத்திரை காணப்பட்டால், தேட வேண்டிய திசை தெளிவாகிவிடும். பெரும்புகழ் பெற்ற நிறுவனத்தின் வண்டியாயினும், அதன் உறுப்புகள் அந்நிறுவனத்துக்கே உரியனவாயின் தேடல் கடினமாகும். உறுப்புத் தேடலில் பெயரின் புகழைவிட உறுப்பின் பொதுமையே பயன்தருகிறது.

3. உயர்சக்கர வண்டியின் தனிமை

1870களின் உயர்சக்கர வண்டியில் மிதிகோல் முன்சக்கர அச்சிலேயே நேரடியாகப் பொருத்தப்பட்டிருந்தது. மிதி ஒருமுறை சுழலச் சக்கரமும் ஒருமுறையே சுழலும். எனவே விரைவு வேண்டுமாயின் சக்கரத்தைப் பெரிதாக்குவதே வழி. சக்கரத்தின் எல்லை ஓட்டுபவரின் கால் நீளத்தால் வரையறுக்கப்பட்டது. காலணி வாங்குவதுபோல, கால் அளவுக்கேற்பச் சக்கர அளவு தேர்ந்தெடுக்கப்பட்டது. 48 அங்குலம் முதல் 60 அங்குலம் வரை சக்கரங்கள் பல அளவுகளில் இருந்தன. அளவு மாறியபோது வட்டை, ஆரக்கம்பி, கவை, டயர் ஆகிய அனைத்தும் மாறின.

இவ்வகை வண்டிக்கு உறுப்பு தேடுவது பெரும்பாலும் உறுப்பு செய்வதாகவே முடிகிறது. நேர் ஆரக்கம்பிகள் குடத்தின் விளிம்பிற் செதுக்கிய துளைகளில் திருகிப் பொருத்தப்பட்டன. கம்பி முறியும்போது அதன் முனை குடத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். துரு ஏறிய அம்முனையைத் துளையிட்டு அகற்றி, பழைய திருகுபுரிக்கு ஒத்த புரியுடன் புதிய கம்பியை வெட்ட வேண்டும். ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் காப்புரிமை பெற்ற தொடுகோட்டு ஆரமைப்பு பிற்காலச் சக்கரங்கள் அனைத்துக்கும் அடிப்படையாயிற்று. எனினும் அக்காலக் கம்பியின் தடிமனும் முனையமைப்பும் செய்தவருக்குச் செய்தவர் வேறுபட்டன.

இதிலிருந்து ஒரு வேறுபாடு புலனாகிறது. உயர்சக்கர வண்டியின் திண்ம இரப்பர் டயரை இன்றும் செய்துகொள்ள இயலும். உரிய தடிமனுள்ள இரப்பர்த் தண்டை நீளம் அளந்து வெட்டி, முனைகளை இணைத்து வட்டையின் பள்ளத்தில் இருத்தினால் போதும். அதன் அமைப்பு அவ்வளவு எளியது. ஆனால் அதற்கு 20 ஆண்டுகள் பிற்பட்ட காற்றடைத்த டயரை ஒரு சிறுபட்டறையில் செய்ய இயலாது. பழமையும் அருமையும் ஒரே நேர்க்கோட்டில் செல்வதில்லை என்பதற்கு இது முதற்சான்று.

4. டயரும் வட்டையும்: காப்புரிமையின் எச்சம்

ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் அறிமுகப்படுத்திய ரோவர் வண்டி, பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கியது. சக்கரத்தின் அளவு கால் நீளத்திலிருந்து விடுபட்டது. பற்சக்கரங்களின் விகிதமே விரைவை முடிவு செய்தமையால், எல்லோருக்கும் ஒரே அளவுச் சக்கரம் என்பது முதன்முறையாக இயலுவதாயிற்று. 1888இல் பெல்ஃபாஸ்டில் வாழ்ந்த ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இலேயே இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தமை பின்னர்த் தெரியவந்ததால், டன்லப்பின் காப்புரிமை செல்லாததாயிற்று.

டன்லப்பின் முதல் டயர் வட்டையோடு ஒட்டப்பட்டிருந்ததால் துளை விழுந்தால் கழற்றுவது பெருந்தொல்லை. இதற்கு 1890இல் இரு தீர்வுகள் காப்புரிமை பெற்றன. ஒன்று சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச்சின் முறை. டயரின் இரு ஓரங்களிலும் நீளாத கம்பி வளையங்கள் பதிக்கப்பட்டு, அவை வட்டையின் பள்ளத்தில் அமரும். மற்றொன்று வில்லியம் எர்ஸ்கின் பார்ட்லெட்டின் முறை. டயரின் ஓரம் தடித்த இரப்பர் மடிப்பாக இருந்து, உள்நோக்கி வளைந்த வட்டையின் விளிம்பில் காற்றழுத்தத்தால் கவ்விக்கொள்ளும். இரு காப்புரிமைகளும் டன்லப் நிறுவனத்தின் கைக்கு வந்தன. 1904இல் அவற்றின் காலம் முடிந்தபின் கம்பிவளைய டயரைச் செய்யப் பிறருக்கும் வழி திறந்தது.

இவ்விரு முறைகளுள் எது நிலைத்தது என்பதே இன்று டயர் தேடுபவரின் நிலையை முடிவு செய்கிறது. மிதிவண்டியைப் பொறுத்தவரை கம்பிவளைய முறை நிலைத்தது, கவ்வும் ஓர முறை மறைந்தது. கவ்வும் ஓர வட்டையுடன் கூடிய வண்டி ஒருவருக்குக் கிடைத்தால், அவர்முன் மூன்று வழிகளே உள்ளன. சிறு எண்ணிக்கையில் மறு உற்பத்தி செய்யப்படும் டயரைப் பெருவிலை கொடுத்துப் பெறுவது முதல் வழி. வண்டியை ஓட்டாமல் காட்சிப்பொருளாக வைப்பது இரண்டாவது. மூல வட்டையைக் கழற்றிப் பாதுகாத்து, கம்பிவளைய டயருக்குரிய வட்டையைப் பொருத்துவது மூன்றாவது. கம்பிவளைய டயரைக் கவ்வும் ஓர வட்டையில் வலிந்து ஏற்றுதல் ஆபத்தானது. டயரின் ஓரம் விளிம்பில் அமராமையால் ஓடும்போதே அது கழன்றுவிடக்கூடும்.

கம்பிவளைய டயரிலும் பெயர் ஏமாற்றும். 28 அங்குல டயர் என்னும் வழக்கு டயரின் வெளிவிட்டத்தைத் தோராயமாகக் குறிப்பதேயன்றி வட்டையின் அளவைக் குறிப்பதன்று. 28 × 1½ எனப்படும் டயர் அமரும் வட்டையின் விட்டம் 635 மில்லிமீட்டர். 28 × 1⅜ எனப்படுவதற்கு 642 மில்லிமீட்டர். இன்று 28 அங்குலம் எனவே விற்கப்படும் மற்றொரு வகைக்கு 622 மில்லிமீட்டர். 7 அல்லது 13 மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றாது. ஆயினும் நீளாத கம்பி வளையத்துக்கு அது கடக்கவியலாத இடைவெளியாகும். இம்மூன்றனுள் 635 மில்லிமீட்டர் அளவு இன்றளவும் பெருமளவில் உற்பத்தியாகிறது. நூறாண்டு கடந்த ஆங்கிலேய வண்டிகள் பலவற்றின் டயர்ச் சிக்கல் இதனால் தீர்கிறது.

5. சங்கிலியும் திருகுபுரியும்

மான்செஸ்டரில் வாழ்ந்த ஹான்ஸ் ரெனால்டு 1880இல் உருளைச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் 1880, 1890களின் மிதிவண்டிகளில் திண்ம எஃகுக் கட்டைகளைத் தகடுகளால் இணைத்த கட்டைச் சங்கிலியே பரவலாக இருந்தது. அதன் ஒரு கண்ணியின் நீளம் 1 அங்குலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரை அங்குலக் கண்ணியுள்ள உருளைச் சங்கிலி படிப்படியாகப் பொதுவாயிற்று. இன்றும் மிதிவண்டிச் சங்கிலியின் கண்ணி அரை அங்குலமே. ஆகவே அரை அங்குலப் பற்சக்கரம் பூண்ட 1910ஆம் ஆண்டு வண்டிக்குத் தெருமுனைக் கடையிலேயே சங்கிலி வாங்கலாம். 1 அங்குலப் பற்சக்கரம் பூண்ட 1895ஆம் ஆண்டு வண்டிக்குப் பழைய சங்கிலியைத் தேட வேண்டும். அவ்வாறு கிடைத்த சங்கிலியும் தேய்ந்து நீண்டிருந்தால் பற்களில் ஒழுங்காக அமராது. இவ்விரு வண்டிகளுக்கும் இடைவெளி 15 ஆண்டுகளே எனினும், தேடலில் அவை இருவேறு உலகங்களைச் சார்ந்தவை.

திருகுபுரியின் வரலாறு இதனினும் நுட்பமானது. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்மொழிந்த புரித்தரம் 55 பாகைக் கோணமுடையது. மிதிவண்டியின் மெல்லிய குழாய்களுக்கும் அச்சுகளுக்கும் அதன் புரிகள் மிகப் பருமனானவை. எனவே மிதிவண்டிப் பட்டறைகள் தத்தம் விருப்பப்படி நுண்புரிகளை வெட்டிக்கொண்டன. மிதிவண்டிப் பொறியாளர் நிறுவனம் 1902ஆம் ஆண்டளவில் 60 பாகைக் கோணத்தில் ஒரு பொதுத்தரத்தை வகுத்தது. சி.இ.ஐ. புரி எனப்படும் இதில் பல அளவுகளுக்கு அங்குலத்துக்கு 26 புரிகள் என்பது பொது விதியாக அமைந்தது. மிதியச்சுக் கூட்டுக்கு 1.370 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 புரிகளும் நிலைபெற்றன. இவ்வளவு இன்றும் உலகெங்கும் பி.எஸ்.ஏ. புரி என்றே வழங்குகிறது. அந்நிறுவனம் இங்கிலாந்தில் மிதிவண்டி செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. அதன் பெயரோ ஓர் அளவின் பெயராக வாழ்கிறது.

பொதுத்தரத்துக்கு உட்படாத பெருநிறுவனமும் இருந்தது. நாட்டிங்ஹாமின் ராலே நிறுவனம் தன் மிதியச்சுக் கூடுகளில் 1⅜ அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 26 புரிகளும் கொண்ட சொந்த அளவைக் கையாண்டது. 1⅜ என்பது 1.375. பொது அளவோடு விட்டத்தில் வேறுபாடு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கே. கண்ணாற் கண்டு இவற்றை வேறுபடுத்த இயலாது. புரி எண்ணிக்கை வேறாதலால், ஒன்றன் கிண்ணத்தை மற்றொன்றன் கூட்டில் திருகினால் முதலிரு சுற்று இசைந்து பின் இறுகும். அங்கு வலிந்து திருகுபவர் கிண்ணத்தையும் கூட்டையும் ஒருசேர இழப்பார். புதிய கிண்ணத்தை வாங்கலாம். கூடோ சட்டகத்தின் உறுப்பு, அதற்கு மாற்றில்லை. புரிமானி கொண்டு எண்ணிய பின்னரே உறுப்பு வாங்க வேண்டும் என்னும் பட்டறை நெறிக்குப் பின்னால் இந்த வரலாறு உள்ளது.

சக்கரத்தின் துளை எண்ணிக்கையும் இவ்வாறானதே. ஆங்கிலேய மரபில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 என ஆரக்கம்பிகள் அமைந்தன. ஓட்டுபவரின் எடை பெரும்பாலும் பின்சக்கரத்தின் மீது விழுவதே இதற்குக் காரணம். இரு சக்கரங்களுக்கும் 36 என்னும் மரபு கொண்ட நாடுகளின் வட்டை, அளவில் ஒத்திருப்பினும் ஆங்கிலேயக் குடத்துக்குப் பொருந்தாது.

6. தேடலின் வழிகளும் அவற்றின் விலையும்

உறுப்பு பெறும் வழிகளை நான்காகப் பகுக்கலாம். முதலாவது, மூடப்பட்ட கடைகளில் விற்காமல் தங்கிய பழைய இருப்பு. பயன்படாத நிலையில் கிடைப்பதால் இது மிகவும் விரும்பப்படுவது. காகிதப் பொதியோடு கிடைப்பின் அப்பொதியே காலத்தை அறியும் சான்றுமாகும்.

இரண்டாவது, மற்றொரு பழைய வண்டியைப் பிரித்து உறுப்பைப் பெறுவது. இதிலுள்ள இழப்பு வெளிப்படையாகத் தெரிவதில்லை. ஒரு வண்டி முழுமை பெறும்போது மற்றொன்று என்றென்றைக்குமாகக் குறைபடுகிறது. பெயர்பெற்ற நிறுவனத்தின் வண்டியை மீட்பதற்காகப் பெயரறியா வணிகர் ஒன்றுசேர்த்த வண்டி பலியிடப்படுவது இயல்பு. ஆனால் உறுப்பு வணிகத்தின் வரலாற்றுக்கு அத்தகைய சிறுவணிகரின் வண்டியே அரிய சான்று. நிறுவனங்களின் விலைப்பட்டியல்கள் பல நூலகங்களில் உள்ளன. சிற்றூர் வணிகர் எதை எதனோடு இணைத்தார் என்பதற்கு வண்டியையன்றி வேறு பதிவு அரிது.

மூன்றாவது, புதிதாகச் செய்தல். கடைசல் இயந்திரத்தில் கூம்பும் கிண்ணமும் அச்சும் கடைந்துகொள்ளலாம். வடிவத்தைவிட இங்குக் கடினமாவது உலோகத்தின் பதமே. குண்டுகள் உருளும் பரப்பு மேற்கடினமூட்டப்படாவிடில் சில நூறு மைல்களிலேயே குழிவிழும். நான்காவது, தேய்ந்த உறுப்பையே செப்பனிடல். காலம் மிகுதியாகச் செலவாகும். சான்றைப் பெரிதும் காப்பது இதுவே.

1955இல் இங்கிலாந்தில் தோன்றிய பழைய மிதிவண்டியாளர் சங்கம் இத்தேடலை ஒரு கூட்டு முயற்சியாக மாற்றியது. அதன் போன்ஷேக்கர் இதழும், 1990 முதல் நடைபெறும் பன்னாட்டு மிதிவண்டி வரலாற்று மாநாடும் ஆர்வலரின் அறிவை ஆய்வுலகுக்குக் கொணர்ந்தன. உறுப்பு தேடியவர்களே மிதிவண்டி வரலாற்றின் காலவரிசையைச் செப்பம் செய்தவர்கள் என்பது மிகையன்று.

7. இந்தியத் தொடர்ச்சி

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இந்தியாவுக்கு வந்த மிதிவண்டிகளுட் பெரும்பாலானவை ஆங்கிலேயத் தயாரிப்புகள். அவற்றோடு உதிரிப்பாக வணிகமும் வந்தது. விடுதலைக்குப்பின் உள்நாட்டு உற்பத்தி பெருகியபோது இங்கிலாந்தின் அளவுகளே அடிப்படையாயின. முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளை உற்பத்தி செய்தது. வங்கத்தின் ஆசன்சோலில் ராலேயின் கூட்டுறவில் சென்-ராலே ஆலை எழுந்தது. லூதியானாவில் முஞ்சால் உடன்பிறந்தார் உதிரிப்பாகத் தொழிலிலிருந்து வளர்ந்து 1956இல் ஹீரோ மிதிவண்டியைத் தொடங்கினர். கவன்ட்ரியிலும் பர்மிங்காமிலும் போலவே இங்கும் உறுப்புத் தொழிலிலிருந்து முழு வண்டி பிறந்தமை ஒப்புநோக்கத்தக்கது.

இங்கிலாந்தில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அருகிய வண்டி வகை இந்தியாவில் அன்றாட உழைப்பின் கருவியாக நீடித்தது. 28 × 1½ டயர், தடைக்கட்டை உட்புறமாகப் பற்றும் வெஸ்ட்வுட் வட்டை, இரும்புக்கோல்களால் இயங்கும் தடை, மிதிகோலை அச்சோடு இறுக்கும் காட்டர் ஆப்பு, 32க்கு 40 என்னும் ஆரமைப்பு ஆகிய அனைத்தும் இந்தியச் சாலை வண்டியில் தொடர்ந்தன. பால்காரரும் அஞ்சற்காரரும் நெல்மூட்டை ஏற்றிய உழவரும் ஓட்டிய வண்டி, அமைப்பால் முதல் உலகப்போருக்கு முந்திய ஆங்கிலேயச் சாலை வண்டியின் நேர்வழித்தோன்றலாகும். தமிழ்நாட்டுக் கடைகளில் வால்டியூப் எனப்பட்ட சிறு இரப்பர்க் குழலை ஏற்கும் அடைப்பான், காற்றடைத்த டயரின் தொடக்கக் காலத்தைச் சார்ந்த உட்ஸ் அடைப்பானே.

இத்தொடர்ச்சி அளவுகளோடு நிற்பதன்று. காட்டர் ஆப்பின் சாய்தளத்தை அரத்தால் அராவி இரு மிதிகோல்களையும் நேர்க்கோட்டில் நிறுத்துதல், ஆரக்கம்பிகளை முறுக்கிச் சக்கரத்தின் கோட்டம் எடுத்தல், கூம்பின் இறுக்கத்தை விரலாற் கண்டறிதல் ஆகிய கைத்திறன்களும் இங்கு நீடித்தன. 1910ஆம் ஆண்டின் பழுதுபார்ப்புக் கையேடு எழுத்தில் விளக்கும் பணிகளைத் தமிழ்நாட்டின் மூத்த மிதிவண்டிப் பணியாளர் கையால் அறிவார். வாடகை மிதிவண்டிக் கடைகள் மறைந்துவரும் இக்காலத்தில் அவ்வறிவு பதிவு செய்யப்படாமலேயே மறைவது உறுப்பு மறைவதினும் பெரிய இழப்பு. உறுப்பை மீண்டும் வார்க்கலாம். கைப்பழக்கத்துக்கு வார்ப்பச்சு இல்லை.

8. மூலத்தன்மையும் சான்றுத்தன்மையும்

எளிதிற் கிடைக்கும் உறுப்பு ஓர் இடரையும் கொணர்கிறது. 1908ஆம் ஆண்டு வண்டியின் துருவேறிய வட்டையைக் கழற்றி எறிந்து இந்திய வட்டையைப் பொருத்துவது அரைநாள் வேலை. வண்டி ஓடும். ஆனால் பழைய வட்டையில் பொறித்திருந்த செய்தவரின் முத்திரை, அதன் ஓரத்தில் தேய்ந்த வண்ணக்கோடு, நிக்கல் பூச்சின் எச்சம் ஆகியவை மறையும். அக்கால வண்டிகளின் பளபளப்பு நிக்கல் பூச்சாலானது. குரோமியப் பூச்சு மிதிவண்டியில் பரவியது 1920களின் பிற்பகுதிக்குப் பின்னரே. பழைய கைப்பிடிக்குக் குரோமியம் பூசுபவர் அதன் காலத்தை அறியும் வழியைத் தாமே மூடிவிடுகிறார்.

இதற்கு மறுதலையான வாதமும் உண்டு. மிதிவண்டி ஓடுவதற்கே செய்யப்பட்டது. உறுப்பு தேய மாற்றுவது அதன் இயல்பு. 1905இல் விற்ற வண்டிக்கு 1912இல் புதிய குடமும் 1925இல் புதிய இருக்கையும் போட்டிருப்பின், அவை கலப்படமல்ல, வண்டியின் வாழ்க்கை. ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் 1936இல் அறிமுகப்படுத்திய மூவிரைவுக் குடத்தின் மீது உற்பத்தி ஆண்டு பொறிக்கப்பட்டது. 1910ஆம் ஆண்டுச் சட்டகத்தில் 1938 எனப் பொறித்த அத்தகைய குடம் இருப்பின், அதை நீக்கிக் காலத்துக்கு ஒத்த குடத்தைத் தேடிப் பொருத்துபவர், 28 ஆண்டுப் பயன்பாட்டின் சான்றை அழித்து, கடையிலிருந்து புறப்பட்ட முதல் நாளைக் கற்பனையாக மீட்கிறார். வண்டி எந்நாளின் நிலைக்கு மீட்கப்படுகிறது என்பது தொழில்நுட்ப முடிவன்று, வரலாற்று முடிவாகும்.

கல்வெட்டியலில் பயின்றோர்க்கு இவ்வினா புதிதன்று. திருமழபாடிக் கோயிலின் விமானத்தை முதலாம் இராசராசன் காலத்தில் பிரித்துக் கட்ட முனைந்தபோது, பழைய கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டு, முதலாம் இராசேந்திரன் காலத்தில் மீண்டும் பொறிக்கப்பட்டன. கல் மாறியது. மாறியது என்னும் செய்தியும் மாறுவதற்கு முன்னிருந்த செய்தியும் காக்கப்பட்டன. பதிவின்றிப் புதுக்கப்பட்ட கோயில்களின் தொல்வரலாறு நமக்குக் கிடைக்காமற்போனதை எண்ணினால் இதன் அருமை விளங்கும். பழைய ஊர்திகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற தூரின் சாசனமும், புதிதாகச் சேர்க்கப்படும் உறுப்புகளில் அடையாளக்குறி இட வேண்டும் என்னும் நெறியை முன்வைக்கிறது.

மிதிவண்டிக்கு இந்நெறியைப் பின்வருமாறு பொருத்தலாம். பிரிப்பதற்கு முன் ஒவ்வோர் உறுப்பையும் அதன் இடத்தில் படமெடுத்து, முத்திரை, புரி, துளை எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கழற்றிய உறுப்பு எத்துணைச் சிதைந்திருப்பினும் வண்டியோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். மாற்றுறுப்பு மூல உறுப்பையோ சட்டகத்தையோ வெட்டாமல், துளையிடாமல், மீண்டும் கழற்றத்தக்க வகையில் பொருந்த வேண்டும். மாற்றுறுப்பின் மறைவிடத்தில் ஆண்டைப் பொறிக்க வேண்டும். இவற்றுக்குப் பொருட்செலவு மிகச் சிறிது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. மிதிவண்டி தொடக்கமுதல் பல பட்டறைகளின் உறுப்புகள் சேர்ந்த தொகுதியாகும். எனவே ஒரே நிறுவனத்தின் கலப்பற்ற படைப்பு என்னும் கருத்தைக் கொண்டு அதன் மூலத்தன்மையை அளக்க இயலாது.

2. உறுப்பு கிடைத்தலை முடிவு செய்வது வயதன்று, அளவுத்தரத்தின் தொடர்ச்சியே. 1900ஆம் ஆண்டை ஒட்டிச் சங்கிலி, டயர், திருகுபுரி ஆகியவற்றில் நிகழ்ந்த தரப்பாடு, மீட்டமைக்க எளியவற்றையும் அரியவற்றையும் பிரிக்கும் எல்லையாக அமைகிறது.

3. அத்தரங்கள் பிறந்த இடத்தில் அருகிய பின்னரும் இந்தியாவில் நீடித்தமையால், ஆங்கிலேய மிதிவண்டி வரலாற்றின் பிற்பகுதி அம்பத்தூரிலும் ஆசன்சோலிலும் லூதியானாவிலும் நிகழ்ந்ததாகக் கொள்ள இடமுண்டு.

4. எளிதிற் பொருந்தும் மாற்றுறுப்பு தடயமின்றிச் சான்றை அழிக்கவல்லது. பொருந்தாத உறுப்பு தன்னைக் காட்டிக்கொடுக்கும், பொருந்தும் உறுப்பு காட்டிக்கொடுக்காது. ஆகவே எளிமை மிகுந்த இடத்திலேயே பதிவும் மிகுதியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் பழைய மிதிவண்டிகள் இன்றும் வீடுகளின் பின்கட்டுகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் கிடக்கின்றன. எடைக்கு விற்கப்படுவதற்குள் அவற்றின் குடத்திலும் மிதியச்சுக் கூட்டிலும் உள்ள எழுத்துகளையேனும் படித்துக் குறித்துவைப்பதும், அவற்றைச் செப்பனிட்ட கைகளின் அறிவை வாய்மொழி வரலாறாகத் தொகுப்பதும் இத்துறையில் உடனடியாகச் செய்யத்தக்க ஆய்வுப் பணிகளாகும்.